ஆஃப் ரோடு வண்டியில் வாக்கி டாக்கி மாட்டப் போறீங்களா? எதற்கு லைசென்ஸ் வேண்டும், எது போதும்?

நான்கைந்து வண்டிகள் சேர்ந்து மலையேறும் ஆஃப் ரோடு குழுக்களுக்கு முதலில் காலை வாருவது செல்போன் சிக்னல்தான். முன்னால் போகும் ஜீப் சேற்றில் சிக்கினால், வளைவுக்குப் பின்னால் வரும் வண்டிக்கு அது தெரியாது. அதனால்தான் தார், ஜிம்னி, கூர்க்கா வைத்திருப்பவர்கள் பலர் இப்போது ஆன்லைனில் வாக்கி டாக்கி தேடுகிறார்கள். விலை குறைவு, ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். பிரச்னையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2025 மே மாதம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. வாக்கி டாக்கி எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது, அதற்கு லைசென்ஸ் தேவையா, அரசின் கருவி ஒப்புதல் சான்று இருக்கிறதா என்பதைச் சொல்லாமலே விற்கிறார்கள் என்பதுதான் புகார். அடுத்து, இந்த விவரங்களை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டு விதிகளும் வந்தன.

லைசென்ஸ் இல்லாமல் எதைப் பயன்படுத்தலாம்?

446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான சின்ன இடைவெளியில், குறைந்த சக்தியில் இயங்கும், ஒப்புதல் பெற்ற செட்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 2018 விதிகள் இதற்கு விலக்கு தருகின்றன. எவ்வளவு தூரம் கேட்கும்? பெட்டியில் எத்தனை கிலோமீட்டர் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். காட்டுப் பாதையில் ஓரிரு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டாலே பெரிய விஷயம். 27 மெகா ஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டுக்கும் 5 வாட் வரை விலக்கு உண்டு. ஆனால் அதற்கான கால் அலை ஆன்டெனா சுமார் 2.7 மீட்டர் நீளம் இருக்கும் என்பதால், மரக்கிளைகளுக்கு நடுவே ஓட்டும் வண்டிக்கு அது தலைவலிதான்.

உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் குழுவுக்கு 446 செட் போதும். ‘கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க’, ‘பாறை இருக்கு, மெதுவா’ என்பதைச் சொல்ல 50 வாட் ரேடியோ எதற்கு?

அப்படியென்றால் ஹாம் ரேடியோ யாருக்கு?

வண்டிகள் பல கிலோமீட்டர் இடைவெளியில் பிரிந்து போகும் பயணம், பல நாள் இமயமலைப் பயணம், நடுவில் ஒரு மலைமுகடு குறுக்கே நிற்கும் இடம். இங்கேதான் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ கைகொடுக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, அந்தமானில் ஏற்கெனவே முகாமிட்டிருந்த ஹாம் குழுதான் தீவுகளின் நிலைமையை வெளியுலகத்துக்குச் சொன்னது. போன் எல்லாம் செத்துப்போன நேரம் அது.

ஆனால் செட்டை வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் நடக்காது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். ஜெனரலுக்கு மோர்ஸ் தந்தி முறையும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு அது தேவையில்லை. வண்டிக்கு வண்டி பேசுவதற்கு ரெஸ்ட்ரிக்டட் தாராளமாகப் போதும். தேர்வு, சரிபார்ப்பு எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகலாம். அடுத்த வாரப் பயணத்துக்கு இந்த வழி உதவாது.

பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. குழுவில் ஒருத்தருக்கு லைசென்ஸ் இருந்தால் எல்லாரும் பேசலாம் என்பது தப்பு; ஹாம் அலைவரிசையில் பேச ஒவ்வொரு வண்டியிலும் லைசென்ஸ் உள்ளவர் வேண்டும். இன்னொன்று, ஹாம் அலைவரிசையில் தொழில் செய்யக் கூடாது. கட்டணம் வாங்கி சுற்றுலா நடத்துபவர்கள் இதை நம்ப முடியாது, அவர்களுக்குத் தனி வயர்லெஸ் லைசென்ஸ்தான் வழி. உரிமத்தில் நிலையத்தின் முகவரி இருக்கும் என்பதால், வண்டியில் வைத்து இயக்குவதற்கான அனுமதி பற்றி விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அமெரிக்க யூடியூப் வீடியோ பார்த்து வாங்கலாமா?

வேண்டாம். அங்கே தேர்வே எழுதாமல் 35 டாலர் கட்டினால் 10 ஆண்டுகளுக்கு ஜிஎம்ஆர்எஸ் என்ற லைசென்ஸ் கிடைக்கும், குடும்பமே பயன்படுத்தலாம். ஜீப் ரேடியோ பற்றிய வீடியோக்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். அந்த 462, 467 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இங்கே பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல. அதேபோல, விலை மலிவான சீன டூயல் பேண்ட் செட்கள் பல, காவல்துறை போன்றவை பயன்படுத்தும் அலைவரிசைகளுக்குப் பக்கத்திலும் ஒலிபரப்பக் கூடியவை. ‘446-ல் மட்டும்தான் பேசினேன்’ என்று சொன்னாலும், செட் அந்த விலக்குக்குள் வராது.

லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு, எந்த செட்?

இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான விஹெச்எஃப், 434 முதல் 438 வரையிலான யுஹெச்எஃப் இரண்டும் உண்டு. மலையும் மரமும் உள்ள இடத்தில் விஹெச்எஃப் கொஞ்சம் மேல். பட்ஜெட் இடித்தால் விஹெச்எஃப் மட்டும் உள்ள செட்டை வாங்கலாம், பெரிய நஷ்டம் இல்லை. முகப்பைத் தனியாகக் கழற்றி டேஷ்போர்டில் மாட்டி, உடலை சீட்டுக்கு அடியில் வைக்கும் வகை ஆஃப் ரோடுக்கு வசதி. சின்ன கேபினில் இடமும் மிச்சம், குலுக்கலில் செட் பிய்த்துக்கொண்டு வராது.

வாட்டைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. 5 வாட்டில் இருந்து 50 வாட்டுக்குப் போனால் தூரம் பத்து மடங்கு ஆகாது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், குறுக்கே மலை வந்தால் வாட் பெரிதாக உதவாது. காசு செலவழிக்க வேண்டிய இடம் ஆன்டெனாதான். கையடக்க செட்டை காருக்குள் வைத்துப் பேசினால், சுற்றியிருக்கும் இரும்புக் கூடே சிக்னலின் பாதியைத் தின்றுவிடும். அதே செட்டுக்குக் கூரை மேல் ஒரு ஆன்டெனா போட்டாலே வித்தியாசம் தெரியும். விஹெச்எஃப் கால் அலை ஆன்டெனா வெறும் அரை மீட்டர்தான். அதற்கு அடியில் இரும்புத் தகடு வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சாஃப்ட் டாப், ஃபைபர் கூரை வண்டிகளில் அது கிடையாது. அங்கே அரை அலை ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது பானெட் ஓரத்தில் பொருத்தலாம்.

வயரிங்கில்தான் நிறைய பேர் சொதப்புகிறார்கள். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் இதைத் தாங்காது, ஃபியூஸ் போகும் அல்லது வயர் சூடாகும். பேட்டரியில் இருந்து நேராகத் தடிமனான வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் என்பதுதான் சரியான முறை. இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கரில் ‘கீ...’ என்று சத்தம் வருவதும் இதனால் குறையும்.

எல்லைப் பகுதிகளுக்குப் போகிறவர்கள் உரிமத்தின் அசலைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சாட்டிலைட் மெசேஜ் கருவியை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அதற்கும் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி தேவை. 2024 டிசம்பரில் அப்படிப்பட்ட கருவியோடு கோவா விமான நிலையத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் போலீஸ் விசாரணையில் சிக்கினார்கள்.