சிரிப்பு எமோஜிக்குப் பின்னால்

போன செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி பக்கத்து ரூம் நண்பன் குரூப்பில் "மூணு அரியர் மச்சி" என்று போட்டு, கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் எமோஜியையும் போட்டான். நாங்களும் பதிலுக்குச் சிரித்து வைத்தோம். மறுநாள் மெஸ்ஸுக்கு அவன் வரலை. கதவைத் தட்டினப்பதான் பார்த்தோம், கண் ரெண்டும் வீங்கியிருந்தது. "ஒண்ணுமில்லடா" என்றான். குரல் உடைஞ்சிருந்தது.

2015இல் ஆக்ஸ்போர்டு அகராதியினர் 'ஆண்டின் சொல்' என்று அறிவித்தது இதே எமோஜியைத்தான். ஆனால் எமோஜியை நாம் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறோம். முகமும் குரலும் நாம மறைக்க நினைச்சாலும் காட்டிக் கொடுத்துடும். மனசில் இருப்பது உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்கிறது. நகை, அழுகை, அச்சம், வெகுளி என்று எட்டு வகை சொல்கிறது. மெய் என்றால் உடம்பு. நம்ம சாட்டில் இல்லாதது அதுதான்.

சாட்டே வேண்டாம்னு சொல்லலை. ரிசல்ட், வீட்டுக் கவலை மாதிரி விஷயங்களில் மட்டும் எமோஜியை நம்பாதீங்க. நாலு அடி நடந்து போய்க் கதவைத் தட்டுங்க. என்ன பேசறதுன்னு தெரியலைன்னா பரவாயில்லை, டீ குடிக்கக் கூப்பிடுங்க. நாங்களும் அதைத்தான் செஞ்சோம், ஒரு நாள் லேட்டா.