வீட்டை அளக்கிறோம், தெருவை அளப்பதில்லை

வீடு பார்க்கச் செல்லும்போது நாம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. எத்தனை சதுர அடி? படுக்கையறை எத்தனை? கார் நிறுத்த இடம் உண்டா? தண்ணீர் உப்பா, நல்லதா? பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்பதையும் பெரும்பாலோர் மறவாமல் கேட்டுவிடுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பக்கத்து வீட்டில் வசிப்பவர் யார் என்று கேட்போர் அரிது. பத்து வயதுப் பிள்ளை தனியாகக் கடைக்குப் போய் வரலாமா, மூட்டுவலி உள்ள உம்மா எவர் துணையும் இன்றி மருந்துக்கடை வரை நடக்க முடியுமா என்று கேட்போர் அதனினும் அரிது.

மனிதனின் நற்பேறுகளாக நான்கைக் குறிப்பிடும் நபிமொழி ஒன்று இப்னு ஹிப்பானில் பதிவாகியுள்ளது. நல்ல மனைவி, விசாலமான வீடு, வசதியான வாகனம் ஆகியவற்றோடு நல்ல அண்டைவீட்டாரும் அந்நான்கில் அடங்குவர். வீட்டையும் வாகனத்தையும் கடன்பட்டேனும் அடைந்துவிடத் துடிக்கும் நாம், அண்டைவீட்டாரைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம். அவர்களை விலைக்கு வாங்க இயலாதுதான். அவர்கள் வாழும் தெருவைத் தேர்ந்தெடுக்க இயலும் அல்லவா?

சென்னையில் திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் தலைமுறைகளாக வாழ்ந்த நம் உறவுகளில் பலர் இன்று பழைய மகாபலிபுரம் சாலைக்கும் தாம்பரத்துக்கு அப்பாலும் குடிபெயர்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனமில்லை. பிள்ளைகள் வளர்ந்த பின் ஒற்றை அறையில் எத்தனை பேர் படுப்பது? ஆயினும் எதை விட்டுப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டே போவது நல்லது.

திருவல்லிக்கேணியையே எடுத்துக்கொள்வோம். 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல், அதன் முன்னே நகரின் நடுவே இன்னும் மிஞ்சியிருக்கும் பெரிய திடல். அங்கிருந்து நடந்தே ஜாம் பஜாருக்குப் போய்க் காய்கறியும் இறைச்சியும் வாங்கி வரலாம். கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் இன்றும் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை இப்பகுதியில்தான் இருக்கிறது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கென மருத்துவர் மேரி ஷார்லீப்பின் முயற்சியால் 1885-இல் தொடங்கப்பெற்ற மருத்துவமனை அது. பெண்பிள்ளைகள் பட்டம் படிக்க அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி. காற்று வாங்க மெரினா. இவை யாவும் அரைமணி நேர நடைக்குள் அடங்குகின்றன. பேராசிரியர் கார்லோஸ் மோரேனோ எடுத்துரைத்து, பாரிஸ் மாநகரம் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்ட ‘பதினைந்து நிமிட நகரம்’ பற்றி உலகெங்கும் வியந்து பேசுகின்றனர். நம் நன்னிமார்கள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே அப்படியொரு நகரத்தில் வாழ்ந்து முடித்தார்கள்.

மொரோக்கோவின் பெஸ் நகரத்துப் பழைய பகுதிகளைக் குறித்துச் சொல்லப்படுவதும் இங்கே நினைவுக்கு வருகிறது. அங்கு ஒவ்வொரு மஹல்லாவுக்கும் பள்ளிவாசல், குழந்தைகளின் மதரஸா, பொதுக் குளியலகம், நீரூற்று, ரொட்டி சுடும் பொது அடுப்பு ஆகிய ஐந்தும் இருப்பது மரபு. வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துப் பிள்ளைகள் அடுப்புக்கு எடுத்துச் செல்வர். தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருந்தது. ஆகவே தெருவும் அவர்களை அறிந்திருந்தது. நம் மஹல்லாவில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் சிறுவர்களைப் பாருங்கள். அவன் யாருடைய பேரன், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் கஞ்சி ஊற்றுபவருக்குத் தெரியும். அவன் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் யாரேனும் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து நகருக்கு வந்த குடும்பங்களுக்கு இதன் அருமை சற்றுக் கூடுதலாகவே புரியும். அங்கு மணமான பின்னும் மகள் தாய்வீட்டை விட்டு அகல்வதில்லை. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு இயல்பாகச் சென்றுவரக் காயலில் ‘முடுக்கு’ என்னும் தனிச் சந்துகளே உண்டு. பிள்ளைப்பேறு, காய்ச்சல், மனக்கசப்பு, எதுவானாலும் பக்கத்தில் உம்மா இருப்பார், சாச்சி இருப்பார், கண்ணும்மா இருப்பார். நகரத்துக்கு வந்த இளம்பெண்ணுக்கு இவற்றில் எதுவும் இல்லை. கணவர் காலை எட்டு மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்பும் வீட்டில், கைக்குழந்தையோடு பன்னிரண்டாம் தளத்தில் அவள் கழிக்கும் பகலைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் அவளுக்கு என்ன செய்யும்? குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு மாமி ஒருவர் கிடைத்தால் அவள் நிம்மதியாக லுஹர் தொழுதுவிட்டுச் சற்று உறங்குவாள்.

பழைய மஹல்லாக்கள் சொர்க்கம் என்று நாம் வாதிடவில்லை. சந்துகளை இருசக்கர வாகனங்கள் அடைத்துக் கிடக்கின்றன. தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோக வழியில்லை. படிகள் செங்குத்தானவை. பெண்கள் தொழ இடமில்லாத பள்ளிகள் இன்றும் பல உண்டு; பிள்ளைகள் விளையாடினால் விரட்டுவதையே கடமையாகக் கொண்ட பெரியவர்களும் உண்டு. வாடகையோ, இடத்தின் தரத்துக்குச் சற்றும் பொருந்தாதது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொள்கிறது. முதல் ஸஃப்பில் நின்று தொழும் நம் வீட்டு உரிமையாளர்களே பத்து மாத வாடகை கேட்கிறார்கள். இளம் குடும்பங்கள் மஹல்லாவை விட்டுப் போகின்றன என்று ஜமாஅத் கூட்டங்களில் வருந்துவோர், கூட்டம் முடிந்ததும் இதையும் தங்களுக்குள் பேசிக்கொண்டால் நன்று.

இன்னொரு கசப்பும் உண்டு. பெயரைக் கேட்டதும் வீடு இல்லையென்று சொல்லப்படும் அனுபவம் நம்மில் பலருக்கும் வாய்த்திருக்கிறது. மஹல்லாவில் வாழ்வோர் அனைவரும் விரும்பி வாழ்பவர்கள் அல்லர். வேறிடம் கிடைக்காமல் ஒதுங்கியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆயினும் அந்தக் கசப்பு முற்றி, நம்மவர் மட்டுமே உள்ள இடமே நல்ல இடம் என்னும் எண்ணமாக மாறிவிடலாகாது. உறவினரான அண்டைவீட்டார், அந்நியரான அண்டைவீட்டார் இரு சாராருக்கும் நன்மை செய்யுமாறு அன்னிஸா அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. திருவல்லிக்கேணியின் சிறப்பே இந்தக் கலப்பில்தான் இருக்கிறது. பெரிய பள்ளிவாசலின் கட்டட ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை யாத்தவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். ரமளானில் அப்பள்ளியில் நோன்பு திறப்போருக்கு, மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையின் சிந்தி இந்துத் தொண்டர்கள் பல்லாண்டுகளாகச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகின்றனர். பார்த்தசாரதி கோயில் தேரோட்டமும் நம் பெருநாள் தொழுகையும் ஒரே ஊரில் நடக்கக் கண்டு வளரும் பிள்ளைக்கு நாம் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டியது குறைவு.

ஆகவே நம் கருத்து இதுதான்: கையிருப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், இருநூறு சதுர அடியைக் குறைத்துக்கொண்டு நல்ல தெருவுக்குப் போங்கள். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பமாயின் சிறிதும் தயங்க வேண்டாம்.

ஏற்கெனவே புறநகருக்குப் போய்விட்டவர்கள் என்ன செய்வது? புதிய பகுதிகளில் நம் மக்கள் முதலில் பள்ளிவாசலுக்கு இடம் தேடுகிறார்கள், பாராட்டத்தக்கது. அத்துடன் மக்தபும் பெண்கள் கூடி அமர ஓர் அறையும் சேர்ந்தே திட்டமிடப்படவேண்டும். ஆணம் காய்ச்சும்போது நீரைச் சற்றுக் கூட்டி அண்டைவீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். இருவரில் யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோது, வாசல் எவருடையது அருகில் இருக்கிறதோ அவருக்கு என்பதே விடையாக வந்தது. அடுக்குமாடியில் அந்த வாசல் ஆறடி தூரத்தில்தான் இருக்கிறது. அங்கு வசிப்பவர் எந்தச் சமயத்தவராயினும் ஒரு கிண்ணம் கஞ்சி போய்ச் சேரட்டும். அவர் சைவராக இருந்தால் இறைச்சி சேர்க்காமல் காய்ச்சுங்கள்.

புதிதாக வீடு தேடுவோருக்கு ஒரு சொல். தரகர் உங்களை ஞாயிறு முற்பகலில் அழைத்துச் செல்வார். அப்போது எல்லாத் தெருவும் அழகாகவே இருக்கும். வேலை நாள் ஒன்றில், அஸருக்குப் பின், தரகர் இல்லாமல் போங்கள். பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்களா, மஃரிபுக்குப் பின் பெண்கள் தனியாக நடக்கிறார்களா, தெருவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் உம்மா இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வழியில் அவருக்கு உட்கார ஒரு திண்ணையும், நீங்கள் யார் வீட்டைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்க ஒரு பெண்மணியும் கிடைத்துவிட்டால், வீட்டின் உள்ளே போய்ச் சதுர அடியை அளந்துகொள்ளலாம்.