வாசகர் கேள்வி – பதில்: பாம்பு சட்டை உரிக்க ஈரம் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: "கோவையில் கல்லூரியில் படிக்கும் மகன், நண்பரிடமிருந்து 'பால் பைத்தான்' என்ற பாம்பை வாங்கி வந்து கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறான். மாசி மாதத்தில் சட்டை உரித்தபோது துண்டு துண்டாகத்தான் வந்தது. வால் நுனியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரையில் கிடந்த பாம்புச் சட்டையோ தலை முதல் வால் வரை முழுசாக இருந்தது. வீட்டில் வளர்க்கும் பாம்புக்கு மட்டும் ஏன் இப்படி? இது நோயா?"
– ஒரு வாசகி, அன்னூர் வட்டம்.

பதில்: பெரும்பாலும் இது நோயாக இருக்காது, வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால், வால் நுனியில் ஒட்டியிருக்கும் தோலை அப்படியே விடக்கூடாது. காய்ந்த தோல், மோதிரம் போல இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். நாளடைவில் வால் நுனி கறுத்து உதிர்ந்துபோகும். அதனால், முதல் வேலை அதைக் கழற்றுவதுதான்.

மூடியில் காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், பாம்பின் உடல் பாதி நனையும் அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற வேண்டும். கை வைத்தால் சூடு தெரியக்கூடாது. அதில் பாம்பை 20 நிமிடங்கள் விட்டு, பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். பிறகு, ஈரமான துண்டைத் தளர்வாகப் பிடித்து, அதன் ஊடே பாம்பைத் தானாக ஊர்ந்துபோக விட்டால் ஊறிய தோல் கழன்றுவிடும். ஒரே நாளில் வராவிட்டால் மறுநாளும் செய்யலாம். நகத்தால் கிள்ளுவதோ, இழுப்பதோ கூடாது. பாம்புக்கு இமை கிடையாது. கண்மேல் இருக்கும் கண்ணாடி போன்ற மூடியும் சட்டையோடு சேர்ந்தே உரிய வேண்டும். அது ஒட்டியிருந்தால் வீட்டில் யாரும் கை வைக்கக்கூடாது, பார்வையே போய்விடலாம். கண்மூடி ஒட்டியிருந்தாலோ, வால் நுனி கறுத்திருந்தாலோ, பாம்புகளுக்கு மருத்துவம் பார்த்த அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சட்டை எப்படிக் கழல்கிறது?

பாம்பு வளரும்போது மேல்தோல் அதனுடன் சேர்ந்து வளராது. அடியில் புதுத்தோல் உருவானதும், பழைய தோலுக்கும் புதுத்தோலுக்கும் இடையில் ஒரு திரவம் சுரக்கிறது. அந்த நாட்களில் நிறம் மங்கும், கண்கள் பால் ஊற்றியது போல் வெளுத்து நீலம் பாயும். சில நாட்களில் கண் தெளிந்துவிடும். அதன் பிறகு பாம்பு மூக்கைச் சொரசொரப்பான இடத்தில் தேய்த்து, உதட்டோரத்தில் தோலைக் கிழித்து, காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வர ஊர்ந்து வந்துவிடும். உடலில் நீரும், சுற்றுப்புறக் காற்றில் ஈரமும் குறைந்தால் இரண்டு தோல்களுக்கும் இடையிலான பிடி விடாது. பழைய தோல் காய்ந்து, துண்டு துண்டாகக் கிழியும்.

தோட்டத்துப் பாம்புக்கு இந்தச் சிக்கல் அரிது. கண் மங்கியதும் அது எலி வளைக்குள்ளோ, வாய்க்கால் ஓரக் கல்லிடுக்கிலோ, ஈரமான தட்டுப்போர் அடியிலோ போய்ப் படுத்துக்கொள்ளும். தனக்கு வேண்டிய ஈரத்தை அதுவே தேடிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பாம்புக்கு அந்த வழி இல்லை. மாசி, பங்குனியில் கொங்கு மண்டலத்தில் பிற்பகல் காற்று வறண்டுவிடும். மின்விசிறி, சூடேற்றும் விளக்கு, கம்பிவலை மூடி என்று சேர்ந்தால் பெட்டிக்குள் இருக்கும் கொஞ்ச ஈரமும் போய்விடும்.

பெட்டியில் என்ன மாற்ற வேண்டும்?

பால் பைத்தான், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர். எலி வளைகளிலும், கறையான் புற்றுகளிலும் ஒதுங்கி வாழக்கூடியது. இதற்குச் சாதாரண நாட்களில் 55 முதல் 65 சதவிகிதம், கண் மங்கியதிலிருந்து சட்டை உரிக்கும் வரை 70 சதவிகிதம் காற்று ஈரப்பதம் தேவை.

* பட்டுப்புழு வளர்ப்பு மனையில் மாட்டும் ஈரப்பதமானி ஒன்றை, பெட்டிக்குள் பாம்பு படுக்கும் மட்டத்தில் பொருத்த வேண்டும். கண் மதிப்பில் ஈரம் தெரியாது.

* செய்தித்தாளுக்குப் பதிலாக, நன்கு கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவை 2 அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். யூரியா கலந்து மக்க வைத்த நார்க்கழிவு உரம் கூடாது. அடிப்பகுதியில் லேசான ஈரமும், மேல்பகுதியில் உலர்வும் இருக்க வேண்டும். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது.

* கம்பிவலை மூடியில் மூன்றில் இரண்டு பங்கை மறைத்துவிட்டு, மீதியைக் காற்றுக்கு விட வேண்டும்.

* பாம்பு சுருண்டு உட்காரும் அளவுக்குக் கனமான தண்ணீர்த் தொட்டி வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

* கண் மங்கியதும், ஒரு துளை போட்ட மூடியுள்ள டப்பாவில் ஈர நார்க்கழிவை நிரப்பி உள்ளே வைக்க வேண்டும். தேவைப்படும்போது பாம்பே அதற்குள் போய் வரும். இந்த நாட்களில் இரை கொடுப்பதையும், கையில் எடுப்பதையும் தவிர்ப்பது நல்லது. தேய்த்துக்கொள்ள ஒரு சொரசொரப்பான கல்லோ, மரக்கட்டையோ போதும்.

ஈரம் நல்லது என்று தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால், அடிவயிற்றுச் செதில்களில் கொப்புளமும் அழுகலும் வரும். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். இளம்புழுவுக்கு 80 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் கொடுப்பவர்களே, புழு தோலுரிக்கும் நேரத்தில் சுண்ணாம்புத்தூள் தூவிப் படுக்கையை உலர வைப்பார்கள். பாம்புக்கு நேர் எதிர். தோலுரிக்கும்போதுதான் ஈரம் கூட வேண்டும். ஆனால், ஈரம் காற்றில்தான் இருக்க வேண்டும், படுக்கை சொதசொதவென்று ஆகக்கூடாது.

இந்தச் சமநிலைக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1978-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் செயல்படுகிறது. விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்காக, அரசு அனுமதியோடு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்த பிறகு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அதுவரை பாம்புகள் இருப்பது மண்பானைகளில்தான். உள்ளே மண், வாயில் பருத்தித் துணி. மண்பானையின் சுவர் சூட்டைத் தணிக்கும், துணி காற்றை விடும். கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கவிழ்த்து வைத்த சிறிய மண்சட்டியை, ஓரத்தில் வழி விட்டு, மறைவிடமாக வைக்கலாம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும்

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு உள்ளிட்ட நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம் என்றாலும், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 'பரிவேஷ்' இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கைமாற்றுவதையும் தெரிவிக்க வேண்டும். நண்பர் பதிவு செய்திருக்கிறாரா என்பதை மகன் உடனே கேட்டு, ஆவணம் இல்லையென்றால் மாவட்ட வன அலுவலரை அணுகி வழி கேட்பதே பாதுகாப்பு. பயந்துபோய்ப் பாம்பைத் தோட்டத்திலோ, பள்ளத்திலோ விட்டுவிடக் கூடாது. அது பழகாத இடத்தில் செத்துப்போகலாம், நம் ஊர்ப் பாம்புகளுக்கு நோயும் பரப்பலாம்.

கட்டுத்தரையில் கிடந்த சட்டை

சட்டை கிடந்தால், பாம்பு அங்கேயே குடியிருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் ஒதுங்க மறைவும் ஈரமும் இருக்கின்றன, பெரும்பாலும் எலியும் இருக்கிறது என்று அர்த்தம். சட்டையில் நிறம் இருக்காது, இழுபட்டுப் பாம்பின் நீளத்தைவிட நீண்டிருக்கும். அதனால், அதை வைத்து விஷப்பாம்பா, சாரையா என்று முடிவு கட்டக்கூடாது. கவலைப்பட வேண்டியது கண் மங்கிய பாம்பைப் பற்றித்தான். பார்வை சரியாகத் தெரியாததால், கிட்டப் போனால் சட்டென்று கடிக்கும். தட்டுப்போரில் கை விடுவதற்கு முன் கோலால் தட்ட வேண்டும். இரவில் டார்ச் இல்லாமல் கட்டுத்தரைக்குப் போகக்கூடாது. தண்ணீர்த் தொட்டி ஓரம் கல்லும் மட்டையும் குவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டினால் எலி குறையும், பாம்பு வருவதும் குறையும். மீறிக் கடித்துவிட்டால், இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.