சித்திரை வாரத்தைக் கிளை நூலகங்களுக்குக் கொடுங்கள்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் கொட்டகையைப் பிரித்ததும் சென்னையின் இலக்கிய ஆண்டு முடிந்துவிட்டது என்று பதிப்பாளர்களும் வாசகர்களும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 1977இல் அண்ணா சாலை மதரசா-இ-ஆசம் பள்ளியில் தொடங்கிய புத்தகக் காட்சி, இன்று பொங்கலோடு சேர்ந்த நகரத் திருவிழா. அங்கே விற்கும் பஜ்ஜியின் விலையைத் தவிர அதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளியீட்டு விழா, விமர்சனக் கூட்டம், எழுத்தாளர் சந்திப்பு, தள்ளுபடி என்று எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களுக்குள் அடைத்துவிட்டோம். டிசம்பரில் அச்சகங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. மெய்ப்புப் பார்க்க நேரமில்லாமல் நூல்கள் பிழைகளோடு வெளியாகின்றன. ஜனவரியில் வாங்கிய புத்தகத்தைப் படித்து முடித்தவர், மார்ச்சிலோ ஏப்ரலிலோ அதைப் பற்றி நாலு பேரோடு பேச விரும்பினால் எங்கே போவார்? திருவான்மியூர்ப் பனுவல், டிஸ்கவரி புக் பேலஸ் போன்ற புத்தகக் கடைகளும், தனியார் அரங்குகளில் நடக்கும் சில கூட்டங்களும்தான் கதி. திருவொற்றியூரில் இருப்பவருக்குத் திருவான்மியூர் பக்கத்தில் இல்லை.

இதற்கு மாற்று வெகுதூரத்தில் இல்லை. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். பார்சிலோனாவில் அன்று தெருவெங்கும் மேசை போட்டுப் புத்தகம் விற்பார்கள். புத்தகமும் ரோஜாவும் பரிமாறிக்கொள்வது கேட்டலோனியர்களின் வழக்கம். அந்த மரபிலிருந்து பிறந்த யோசனையைத்தான் 1995இல் யுனெஸ்கோ உலகுக்கு அறிவித்தது. நாம் அதை உறுதிமொழி எடுக்கும் நாளாகவும் பத்து சதவீதத் தள்ளுபடி நாளாகவும் சுருக்கிவிட்டோம்.

ரோஜாவைக் கடன் வாங்க வேண்டியதில்லை. மறுநாள், ஏப்ரல் 24, ஜெயகாந்தன் பிறந்த நாள். அதற்கு மறுநாள் புதுமைப்பித்தனுக்கு. 28ஆம் தேதி உ.வே.சாமிநாதையர் மறைந்த நாள். 29 பாரதிதாசன் பிறந்த நாள். அன்று தொடங்கி மே 5 வரை தமிழ் வாரம் என்று 2025இல் அரசே அறிவித்திருக்கிறது. பள்ளித் தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கத் தொடங்கும் நேரமும் இதுதான். தமிழ் வாசிப்புக்கு இதைவிடத் தோதான ஒரு வாரத்தை யாரும் திட்டமிட்டு உருவாக்க முடியாது. ஏப்ரல் 23 முதல் 29 வரை இந்த ஏழு நாளையும் சென்னையின் கிளை நூலகங்கள் ஒவ்வொன்றும் தன் வாசகர் வட்டத்தின் பொறுப்பில் நடத்த வேண்டும் என்கிறோம். மைதானம் வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை கண்டிப்பாக வேண்டாம். மாலை ஆறு மணிக்குக் கடற்காற்று வந்த பிறகு, ஒரு புத்தகம், அதை உரக்கப் படிக்க ஒருவர், கேட்க இருபது பேர். அவ்வளவு போதும்.

என்ன படிப்பது? சென்னைக்காரர்கள் முதலில் சென்னையைப் படிக்கட்டும். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில் தொடங்குகிறது. கடவுள் வழி கேட்கிறார். பிள்ளை அவரைக் காபி குடிக்க அழைத்துப் போகிறார். தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் வாங்கிவிடுகிறார். ஏப்ரல் 25 மாலை பாரிமுனையில், அந்த முனைக்குப் பக்கத்திலேயே, யாராவது இந்தக் கதையை வாசித்தால் பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் நின்று கேட்பார்கள். சந்தா கட்டும் இடத்தில் சிரிக்காமல் யாரும் வண்டி ஏற மாட்டார்கள். ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' வடசென்னை நூலகம் எதிலும் வாதத்தைக் கிளப்பும், கிளப்பட்டும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை வேறெந்த மாதத்தில் படிப்பது? குடத்தோடு அலையும் அந்தப் பெண்களை, லாரிக்குக் காத்திருந்த அனுபவம் உள்ள எந்தத் தெருவுக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இன்றைய எழுத்து வேண்டும் என்பவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டையின் வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' இருக்கிறது. விடுமுறை முழுக்க நீளும் ஒரு புத்தகம் வேண்டுமென்றால் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் மறைவால் முடியாமல் நின்ற நூல் அது. வழவழப்பான தன்வரலாறுகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு அதுவே நல்ல மருந்து.

இன்று கிளை நூலகங்களில் அதிகம் உட்கார்ந்திருப்பவர்கள் அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். "இலக்கியம் படிக்க யார் வருகிறார்கள்?" என்று சலித்துக்கொள்பவர்கள் இவர்களைத்தான் காட்டுகிறார்கள். நமக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் பாரதிதாசனும் உ.வே.சா.வும் புதுமைப்பித்தனும் உண்டு. 'இருண்ட வீடு' யாருடைய நூல் என்று ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் மாணவிக்கு நாலு அலமாரி தள்ளி அந்த நூலே இருக்கிறது. அதை எடுத்து அரை மணி நேரம் உரக்கப் படித்தால் கல்வியில்லாத ஒரு வீட்டின் கூத்தைக் கேட்டு நூலகமே சிரிக்கும். தேர்வுக்குப் படிப்பவர்களை வாசகர்களாக மாற்றக் கிடைத்திருக்கும் வழியை விட்டுவிட்டு, வாசகர்கள் இல்லை என்று புலம்புவது சோம்பேறித்தனம்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். பணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் நாட்டிலேயே முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அதற்குப் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக ஒவ்வொரு வீட்டுக்காரரும் கட்டுகிறார். கட்டுபவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம். வசூலித்த தொகையை மாநகராட்சி நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில் பாக்கி வைத்த கதை பலமுறை செய்தியாகியிருக்கிறது. பாக்கியைத் தீர்ப்பது மாநகராட்சியின் கடமை. அதற்காக விழா நடத்தித் தர வேண்டியதில்லை.

இன்னொரு ஆட்சேபணையை மதித்தே பதில் சொல்ல வேண்டும். பன்னாட்டுப் புத்தகக் காட்சியும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இலக்கியத் திருவிழாவும் அரசு நடத்தத்தானே செய்கிறது என்கிறார்கள். நடத்துகிறது, 2023இல் தொடங்கிய அந்த இரண்டும் நல்ல காரியங்கள். இரண்டும் ஜனவரியில் தொடங்கியவை என்பதுதான் சிக்கல். கோட்டூர்புரத்தின் குளிரூட்டிய அரங்குக்கு வர முடியாதவருக்குத் தன் வார்டிலேயே ஒரு நாற்காலி வேண்டும். அந்த நாற்காலிக்கு மேல் ஓடுகிற மின்விசிறியும் வேண்டும். ஏப்ரல் மாதத்தில் இது சிறிய கோரிக்கை அல்ல.

நூலகருக்குக் கொடுக்க வேண்டியவை இரண்டே. அந்த வாரம் இரவு எட்டு மணி வரை திறந்துவைக்க ஓர் ஆணை, கூடுதல் நேரத்துக்கு ஊதியம். எந்தப் புத்தகம், யார் பேசுவது என்பதை அவரும் வாசகர் வட்டமும் முடிவு செய்யட்டும். தலைமையகத்திலிருந்து பேச்சாளர் பட்டியல் வர வேண்டாம். பொது நூலக இயக்ககத்தின் சுற்றறிக்கை மார்ச் முதல் வாரத்திலேயே கிளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் 20ஆம் தேதி வந்தால் பேனர் கட்ட நேரமிருக்கும், புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்துப் பார்க்க நேரமிருக்காது.