கடல் தெரியுது, மெசேஜ் தெரியலையா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப்பிடித்து மெசேஜ் படிக்கும் நாற்பது ப்ளஸ்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். தூரத்துப் படகு பளிச். கையிலிருக்கும் எழுத்து மங்கல்.

போன் கேமரா, லென்ஸை இம்மியளவு நகர்த்தி ஃபோகஸ் செய்கிறது. கண்ணின் லென்ஸ் நகராது. கிட்டத்தில் பார்க்கும்போது தடித்துக்கொள்ளும். வயதாக ஆக அது இறுகிப்போவதுதான் வெள்ளெழுத்து.

கண்புரை ஆபரேஷனில் வைக்கும் சாதாரண லென்ஸோ வடிவமே மாறாது. அதை ஏழைகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது, 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப். (பெயருக்குக் காரணம் புதுச்சேரி ஸ்ரீஅரவிந்தர்தான்!) பெரும்பாலும் தூரப்பார்வைக்குக் கணக்கிட்டே அதை வைப்பார்கள். எனவே, ‘ஆபரேஷன் முடிஞ்சும் பேப்பர் படிக்க முடியலையே’ என்று தாத்தா புலம்பினால் பதற வேண்டாம். பெரும்பாலும் படிக்கும் கண்ணாடியே போதும். தூரமும் மங்கினால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.