பலகையில் ஏறும் கார்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய காரே கதி. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பலர் பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கி, ஒயில் மாற்றுவதைக்கூட வீட்டிலேயே செய்யப் பழகினார்கள். நல்ல பழக்கம்தான். அடியில் வேலை செய்யக் காரை ஏற்றி நிறுத்துவதற்கு அயலவர் ஒருவர் இரண்டங்குலப் பலகைகளைப் படிகளாக அடுக்கித் திருகாணியால் இறுக்கி, சில்லு தாண்டாதிருக்க நுனியில் கட்டையும் அடித்திருந்தார். மனம் நிறைந்தது. இன்னொரு வீட்டிலோ உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். அது வளைந்து எச்சரிக்காது, சட்டென நொறுங்கும். மேலே நிற்பது ஆயிரம் கிலோ. தயவுசெய்து அந்தக் கல்லை நம்பாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பியும் காருக்கடியில் படுக்காதீர்கள். பின்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்த பிறகே கீழே போங்கள்.