குடல் அழற்சிக்கு ஊசி மருந்து: விளக்கமும் நோயாளியின் உரிமையே

மலத்தோடு இரத்தம் போனால் நாம் முதலில் குறை சொல்வது தண்ணீரைத்தான். அதில் தவறில்லை. நெருக்கமாக வாழும் இடங்களில் அசுத்த நீரே பெரும்பாலும் வயிற்றுளைவுக்குக் காரணம். ஆனால் மருந்து எடுத்தும் வாரக்கணக்கில் நிற்காத இரத்தப்போக்கும், வயிற்றுவலியும், உடல் மெலிவும் வேறொன்றைச் சொல்லக்கூடும். அது குடல் அழற்சி நோயாக இருக்கலாம். இது தொற்று நோயல்ல, எவருடைய சாபமுமல்ல. பெருங்குடலில் மட்டும் புண் உண்டாக்குவது ஒரு வகை. வாய் முதல் குதம் வரை எங்கும் வரக்கூடியது குரோன் நோய். இதனை 1932 இல் நியூயோர்க் வைத்தியர் குரோனும் அவரது சகாக்களும் விபரித்தனர்.

உள்ளே நடப்பது என்ன? விளைந்த வயலுக்குப் பன்றிக் காவல் தேவை. பன்றி போன பின்னும் காவற்காரர் கூக்குரலிட்டு ஆட்களைச் சேர்த்து வயலுக்குள் ஓடித்திரிந்தால் மிதிபடுவது நெல்தான். நமது குருதியின் வெண்கலங்களே அந்தக் காவற்காரர். ரி.என்.எவ். எனும் புரதம் அவர்களது கூக்குரல். குடல் அழற்சியில் இந்தக் கூக்குரல் ஓய்வதில்லை. மேலும் மேலும் வெண்கலங்கள் வந்து குவிய, குடலின் உட்சுவர் புண்ணாகிறது.

பிறபொருளெதிரி என்பது உடல் தானே ஆக்கும், குறித்த ஒரு பொருளை மட்டும் பற்றிப் பிடிக்கும் புரதம். ஒரே வகையான பிறபொருளெதிரியை வேண்டிய அளவு ஆக்கும் முறையை 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் கண்டனர். 1984 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். அம்முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அவ்வழியில் பிறந்த இன்பிளிக்சிமாப் எனும் மருந்து ரி.என்.எவ். புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. அத்துடன், வெண்கலங்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ரி.என்.எவ். ஐயும் பற்றி, அக்கலங்கள் மடியவும் வழிசெய்கிறது.

1997 இல் வெளியான, 108 குரோன் நோயாளர் பங்குபற்றிய ஆய்வில், ஒரு முறை மருந்து பெற்றோரில் 65 வீதமானோருக்கு நான்கு வாரத்தில் குணம் தெரிந்தது. மருந்தற்ற திரவம் பெற்றோரில் அது 17 வீதமே. 1998 இல் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. ஆயினும் இது நோயை வேரோடு களைவதல்ல. எல்லோருக்கும் பலிப்பதுமல்ல.

இரண்டு விடயங்களை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். ஒன்று, கசநோய். பழைய கசநோய்க் கிருமியை நுரையீரலில் கட்டி வைத்திருப்பதற்கும் ரி.என்.எவ். தேவை. அதை முடக்கினால் கட்டு அவிழலாம். 2001 இல் இவ்வாறு கசநோய் கண்ட 70 பேரின் விபரம் வெளிவந்தது. எனவே ஊசிக்கு முன் கசநோய்ப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்றேயும் அவசியம். வீட்டில் எவருக்காவது முன்னர் கசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மற்றது, தவணை. நாளத்தினூடாக ஏற்றப்படும் இம்மருந்து முதல் நாளிலும், 2 ஆம், 6 ஆம் வாரங்களிலும், பின்னர் 8 வாரத்துக்கு ஒரு முறையும் வழங்கப்படுகிறது. இதன் ஒரு பகுதி சுண்டெலியின் புரதம். அறுவடை வேலை, பயணச் சிரமம் என்று தவணையை விட்டுவிட்டு எடுத்தால், உடல் இம்மருந்துக்கே எதிரியை ஆக்கிவிடக்கூடும். அதன்பின் மருந்து பலிக்காது, ஒவ்வாமையும் வரலாம்.

இனி விலை. யாரும் காப்புரிமை கொள்ளாத அறிவிலிருந்து பிறந்த மருந்து, ஏழை எட்டித் தொட முடியாத விலையில் நீண்ட காலம் விற்கப்பட்டது. இது நியாயமா? 2013 இல் ஐரோப்பா இதற்கு ஒப்பான மருந்தை அனுமதித்தது. முன்னைய மருந்திலிருந்து அதற்கு மாறியோர் நிலை மோசமாகவில்லை என்று நோர்வே அரசின் பணத்தில் நடந்த ஆய்வு 2017 இல் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2019 இல் இவ்வகை மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்றால் அது பணமுள்ளவருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

ஆகவே காணியை ஈடு வைக்கும் முன் கேளுங்கள்: இது என்ன நோய்? எந்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது? இதே பலனுள்ள விலை குறைந்த மருந்து உண்டா? கேள்வி கேட்பது வைத்தியரை அவமதிப்பதல்ல. தன் உடலில் ஏறுவது என்ன, அது என்ன செய்கிறது என்று அறிந்த நோயாளியே தவணை தவறாமல் வருவார். ஆபத்தையும் முன்கூட்டியே உணர்வார்.